கிடாவா, பெட்டையா? கீனாய் மலையில் எட்டு நாள்

நாள் 1: ஆங்கரேஜ்

சியாட்டிலிலிருந்து அலாஸ்காவுக்கு மூன்றரை மணி நேர விமானம். அண்ணி ஊற்றிக் கொடுத்த ரசத்தைக் குடித்து முடிப்பதற்குள் அண்ணன் லேப்டாப்பைத் திருப்பி என் முன்னால் வைத்துவிட்டார்.

“தம்பி, இதுல கிடா எது, பெட்டை எது, சொல்லு பார்ப்போம்.”

திரையில் ஒரு வெள்ளை ஆடு பாறை மேல் நிற்கிறது. கறுப்புக் கொம்பு, தாடி, தொளதொள டிரவுசர் மாட்டிவிட்டது போலக் கால்களில் ரோமம். தாடி இருக்கிறதே என்று “கிடா” என்றேன். தப்பு. அடுத்ததற்குக் கொம்பு நீளம். “கிடா.” அதுவும் தப்பு. பத்துப் படத்தில் ஆறு தப்பு. கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தால்கூட ஐந்தாவது தேறியிருக்கும்.

எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு பொள்ளாச்சிச் சந்தையில் சுற்றியவன் நான். ஆட்டின் வாயைப் பிரித்து ‘ரெண்டு பல்லு’, ‘நாலு பல்லு’ என்று வயது சொல்லுகிற குடும்பம். கிடாவையும் பெட்டையையும் பிரிக்க அங்கே யாரும் பரீட்சை வைத்ததில்லை. பின்பக்கம் ஒரு பார்வை போதும். இந்த மலையாட்டுக்குப் பின்னால் போய் நிற்க முடியாது. நின்றாலும் அந்த ரோமத்துக்குள் ஒன்றும் தெரியாது. ஆணுக்கும் கொம்பு, பெண்ணுக்கும் கொம்பு. இரண்டுக்கும் தாடி. இரண்டும் வெள்ளை. பெயரில்தான் ஆடு, நம் வெள்ளாட்டின் பேரினத்தில்கூட இது சேராது.

அண்ணனைப் பற்றி இரண்டு வரி. கோவையில் கல்லூரியில் எனக்கு நான்கு வருடம் சீனியர். பதினாறு வருடமாக அலாஸ்காவாசி. கீனாய் தீபகற்பத்தில் மலையாடு வேட்டைக்குக் குலுக்கல் முறையில் அனுமதி தருகிறார்கள். நவம்பர், டிசம்பரில் விண்ணப்பித்தால் பிப்ரவரியில் முடிவு வரும். ஆறு வருடம் விண்ணப்பித்து இந்த வருடம்தான் அண்ணனின் பெயர் விழுந்திருக்கிறது. நான் வேட்டையாட வரவில்லை. அலாஸ்காவில் வசிக்காத வெளிநாட்டுக் குடிமகன், உரிமம் பெற்ற வழிகாட்டியை அமர்த்தாமல் இங்கே பெரிய விலங்கு எதையும் வேட்டையாட முடியாது. அதற்கு ஆகும் செலவில் ஊரில் ஒரு தோட்டமே வாங்கலாம். நான் சுமைகூலி. கூலி கிடையாது, சோறு உண்டு.

“சரிங்ணா, எதைச் சுட்டா என்ன? ஒரு ஆடுன்னுதானே சீட்டுல போட்டிருக்கு?”

அண்ணன் லேப்டாப்பை மூடிவிட்டு உட்கார்ந்து விளக்கினார். கூட வருகிற குட்டியோடு இருக்கும் பெட்டையைச் சுடக் கூடாது, குட்டியையும் கூடாது, அது சட்டம். தனிப் பெட்டையைச் சுட்டால் குற்றமில்லை. ஆனால் இந்தத் தீபகற்பத்தில் பெட்டையைச் சுட்டவருக்கு அடுத்த ஐந்து பருவத்துக்கு இங்கே மலையாடு வேட்டை கிடையாது. மலைத்தொடர் ஒவ்வொன்றுக்கும் இத்தனை என்று வனவிலங்குத் துறை கணக்கு வைக்கும்போது கிடாவை ஒன்றாகவும் பெட்டையை இரண்டாகவும் எண்ணுகிறது.

காரணம் எளிது. நம் வெள்ளாடு ஒன்றரை வயதுக்குள் குட்டி போட்டுவிடும், அதுவும் இரட்டையாக. மலையாடு முதல் குட்டி போடவே பெரும்பாலும் நான்கு, ஐந்து வயதாகிவிடும். ஈற்றுக்கு ஒரு குட்டிதான், அதுவும் எல்லா வருடமும் இல்லை. பனிச்சரிவுக்கும் ஓநாய்க்கும் கரடிக்கும் போக மீதி வளர வேண்டும். கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்தில் மந்தைகள் தேய்ந்துபோய் 1980களின் இறுதியில் வேட்டையையே நிறுத்த வேண்டி வந்தது.

“நாலு பெட்டை போச்சுன்னா ஒரு மலையே காலி தம்பி” என்றார் அண்ணன்.

அதனால்தான் அந்தப் படத் தேர்வு. வனவிலங்குத் துறை இணையத்தில் வைத்திருக்கிறது. அண்ணன் எப்போதோ தேறிவிட்டார். எனக்கு மறுதேர்வு இறங்கி வந்த பிறகு என்று சொல்லிவிட்டார்.

மலையில் சிக்னல் இருக்காது. நோட்டில் எழுதி வைத்து, இறங்கியதும் ஒவ்வொரு நாளாகப் போடுகிறேன்.

நாள் 2: சூவர்ட் நெடுஞ்சாலை, அப்புறம் ஏற்றம்

ஆங்கரேஜிலிருந்து சூவர்ட் துறைமுகம் வரை 127 மைல் சாலை. ஒரு பக்கம் டர்னகெய்ன் கடற்கழி, மறுபக்கம் செங்குத்துப் பாறை. ஒரு வளைவில் அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார். பாறையில் ஏழெட்டு வெள்ளை உருவங்கள்.

“மலையாடு!” என்று கதவைத் திறந்தேன்.

“டால் செம்மறி” என்றார். “கொம்பு என்ன நிறம் பாரு.”

தேன் நிறம். மலையாட்டுக்கு அட்டைக் கறுப்பு. செம்மறிக் கிடாவின் கொம்பு சுருண்டு முழு வட்டம் போடும், பெட்டைக்குக் குட்டையாக நேராக இருக்கும். சாலையிலிருந்தே ஆண் எது, பெண் எது என்று சொல்லிவிடலாம். நம்ம ஊர் வரையாடும் அந்த வகையில் கருணையுள்ளது. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும்போது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் பலமுறை பார்த்திருக்கிறேன். வயது முற்றிய கிடா கருத்துப்போய் முதுகில் வெளிறிய சேணம் போட்டது போல நிற்கும். வெள்ளைக்காரர்கள் அதற்கு ‘சேண முதுகு’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான். (அதை இன்று சுட்டால் ஜெயில். 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை.)

போர்ட்டேஜ் அருகே செத்து நரைத்த மரங்கள் இன்னும் நிற்கின்றன. 1964 மார்ச் 27, புனித வெள்ளி அன்று 9.2 அளவில் வந்த நிலநடுக்கத்தில் நிலம் தாழ்ந்து, உப்புத் தண்ணீர் ஏறிச் செத்த மரங்கள்.

எந்தப் பள்ளத்தாக்கில் ஏறினோம் என்று எழுதக் கூடாது என்பது அண்ணன் போட்ட நிபந்தனை. கீனாய் ஏரிக்கு மேலே என்று மட்டும் சொல்ல அனுமதி. வேட்டைக்காரரிடம் சம்பளத்தைக் கேட்கலாம், இடத்தைக் கேட்கக் கூடாது.

முதல் மூன்று மணி நேரம் காடு. ஸ்ப்ரூஸ் மரங்கள், இடுப்பளவு ஆல்டர் புதர், நடுநடுவே ‘டெவில்ஸ் கிளப்’ என்கிற முள்செடி. வழுக்கும்போது கை தானாக எதைப் பிடிக்குமோ சரியாக அந்த இடத்தில் அது நிற்கும். உள்ளங்கையில் பதினொரு முள். மரம் முடிந்து புல்வெளி தொடங்கிய இடத்தில் ஒரு சின்னக் குளம், அங்கே கூடாரம். கால் நடுங்குகிறது. இத்தோடு இன்று போதும்.

நாள் 3: பார்ப்பது

இன்று முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தோம். வேட்டை என்றால் ஓடுவது, பதுங்குவது என்று நினைத்திருந்தேன். வேட்டை என்பது முக்காலியில் மாட்டிய ஸ்பாட்டிங் ஸ்கோப் என்கிற தொலைநோக்கியில் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு குளிரில் விறைப்பது.

ஏழரை மணிக்கு வெளிச்சம் வந்தது. எதிர் மலையில், ஒன்றரை மைல் தள்ளி, அரிசியைச் சிந்தியது போல வெள்ளைப் புள்ளிகள். பைனாகுலரில் எண்ணினால் பதினான்கு. ஸ்கோப்பில் பார்த்தால் மூன்று பனித்திட்டு, பதினொரு ஆடு.

“இதுல கிடா இருக்கா?” என்றார் அண்ணன்.

“பெருசா ஒண்ணு நிக்குதுங்ணா. முன்னாடி.”

“அதுதான் தலைவி.”

இந்தக் கூட்டத்தைக் குட்டி மந்தை என்று சொல்லலாம். பெட்டைகள், மே கடைசியிலும் ஜூனிலும் பிறந்த குட்டிகள், போன வருடத்துப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து திரியும். மூன்று வயது தாண்டிய கிடாக்கள் தனியாகவோ இரண்டு மூன்றாகவோ வேறு பாறையில் கிடக்கும். நவம்பரில் இணை சேரும் காலம் வந்தால்தான் இந்தப் பக்கம் தலைகாட்டும். அப்படியானால் தனியாக நிற்பது கிடா, கூட்டத்தில் நிற்பது பெட்டை என்று முடிச்சுப் போட்டுவிடலாமே என்றேன். அண்ணன் பதில் சொல்லவில்லை. பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினார்.

அப்புறம் கொம்புப் பாடம் தொடங்கியது. எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன்.

நீளத்தை நம்பக் கூடாது. வளர்ந்த பெட்டைக்கும் கிடாவுக்கும் எட்டு, ஒன்பது அங்குலம்தான். சில பெட்டைகளுக்குக் கிடாவைவிட நீளமாகவே இருக்கும். பார்க்க வேண்டியது அடிப்பகுதி. கிடாவின் கொம்பு அடியில் தடித்து, இரண்டு கொம்புக்கும் நடுவே இடைவெளி குறைந்து, நேர் எதிரே பார்த்தால் நெற்றியில் இரண்டு கறுப்புத் தூண் நட்டது போல இருக்கும். பெட்டைக்கு அடி மெலிந்து, நடுவே வெள்ளை ரோமம் அகலமாகத் தெரியும். அந்த இடைவெளியில் இன்னொரு கொம்பு நடலாம் என்றால் பெட்டை; நட முடியாது என்றால் கிடா. பக்கவாட்டில் பார்க்கக் கிடைத்தால் கண்ணோடு ஒப்பிட வேண்டும். கண்ணின் அகலத்தைவிடக் கொம்பின் அடி தடிமன் என்றால் கிடாவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது வளைவு. கிடாவின் கொம்பு அடியிலிருந்து நுனி வரை அரிவாள் போல ஒரே சீராக வளையும். பெட்டையின் கொம்பு நேராக மேலே போய், நுனிக்கு முன்னால் திடீரென்று பின்பக்கம் மடியும், தொரட்டிக் கொக்கி மாதிரி. கொம்புக்குப் பின்னால், காதுக்கு முன்னால், கறுப்பாக ஒரு சுரப்பி உண்டு. இரண்டுக்கும் இருந்தாலும் கிடாவுக்கு இலையுதிர்காலத்தில் புடைத்துக்கொண்டு தெரியும்.

இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு நிமிர்ந்தால், அந்தத் தலைவி தலையைத் தாழ்த்தி ஓர் இளங்கிடாவை விரட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வயதுப் பையன், ஆயாவோடு திரிகிறவன். அவன் பாறை விளிம்பு வரை பின்வாங்கிப் போய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். மலையாட்டுக் கூட்டத்தில் அதிகாரம் வருடத்தின் பெரும்பகுதி பெண்களிடம்தான். உடம்பில் பெரிய கிடாக்கள்கூட ஒதுங்கிப் போகும். அண்ணி இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார் என்றேன். “அவளுக்கு ஏற்கெனவே தெரியும்” என்றார் அண்ணன்.

மாலையில் தண்ணீர் எடுக்கப் போனபோது ஒரு வில்லோ புதரில் வெள்ளை ரோமம் கொத்தாகச் சிக்கியிருந்தது. பஞ்சு மாதிரி, ஆனால் எடையே இல்லை. தென்கிழக்கு அலாஸ்காவின் திலிங்கிட் பழங்குடிப் பெண்கள் இந்த ரோமத்தையும் சீடார் மரப்பட்டை நாரையும் முறுக்கித்தான் சில்காட் போர்வைகளை நெய்தார்கள். தலைவர்கள் போர்த்திக்கொண்டு ஆடும் போர்வை. ஒன்றை முடிக்க ஒரு வருடம்கூட ஆகும். கொத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பை சூடாகிவிட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

நாள் 4

மழை. மேகம் குளத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. கூடாரத்திலிருந்து பத்தடியில் வைத்த அடுப்பு தெரியவில்லை. மர்மோட் என்கிற பெரிய நில அணில் ஒன்று எங்கிருந்தோ விசிலடித்தது. மூன்று வேளையும் நூடுல்ஸ். அண்ணன் மதியம் முழுக்கத் தூங்கினார். நான் கூடாரத் துணியில் ஓடும் நீர்த்துளிகளில் எது கிடா, எது பெட்டை என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாள் 5: தனியாகக் கிடந்தது

காலையில் வானம் கழுவிவிட்டது போல இருந்தது. எட்டு மணிக்குள் நான்தான் முதலில் பார்த்தேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. பள்ளத்தாக்கின் தலைப்பக்கம், உடைகற்களுக்கு மேலே ஒரு பாறைத் திண்ணை. அதில் ஓர் ஆடு தனியாகப் படுத்திருந்தது. பெரிய உடம்பு. இடுப்பும் வயிறும் மஞ்சள் அழுக்கு. கொம்பு நீளம். சுற்றிலும் ஒரு மைலுக்கு வேறு ஆடே இல்லை.

“கிடாதானுங்ணா.”

அண்ணன் ஸ்கோப்பில் பத்து நிமிடம் பார்த்தார். “இருக்கலாம். கிட்டப் போனாத்தான் தெரியும்.”

கிட்டப் போவது என்றால் நான்கு மணி நேரம். மலையாடு ஆபத்தைக் கீழேயிருந்துதான் எதிர்பார்க்கும். அதனால் வேறொரு சரிவில் ஏறி, முகட்டைத் தாண்டி, அதற்கு மேலே போய் இறங்க வேண்டும். உடைகற்களில் இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்குகிறது. கடைசி நூறடியைத் தவழ்ந்து போய், முதுகுப்பையை முட்டுக் கொடுத்து எட்டிப் பார்த்தோம். தூரமானியில் 310 கெஜம். ஆடு அதே இடத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது.

பின்னாலிருந்து பார்த்தால் கொம்பின் இடைவெளி தெரியாது. தலையைத் திருப்பும்போது ஒரு நொடி பக்கவாட்டுத் தோற்றம் கிடைக்கும், அவ்வளவுதான். அந்த ஒரு நொடியில் எனக்குக் கொம்பு தடிமனாகத்தான் தெரிந்தது. வளைவும் சீராகத்தான் தெரிந்தது. அழுக்கு உடம்பு, கிடாக்கள்தான் மண்ணில் புரளும் என்று படித்திருந்தேன். தனிமை வேறு. கணக்கு முடிந்துவிட்டது என்று மனசுக்குள் கோடு போட்டாயிற்று.

அண்ணன் துப்பாக்கியைத் தொடவே இல்லை. ஸ்கோப்பை நிறுத்தி, குவியத்தைச் சரிசெய்து, கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு படுத்துவிட்டார்.

“எழுந்திருக்கட்டும்.”

ஒரு மணி நேரம். காற்று காதை அறுத்தது. ஆடு அசை போட்டது. நான் மூன்று முறை கொம்பைப் பற்றிச் சொன்னேன், ஒவ்வொரு முறையும் கொம்பு எனக்கு இன்னும் தடிமனாகிக்கொண்டே வந்தது. ஒன்றரை மணி நேரம். அது எழுந்து நின்று, உடம்பை ஒரு சுற்றுச் சுற்றி, அதே இடத்தில் மறுபடி படுத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சூரியன் முகட்டுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. “சுட்டுடலாமுங்ணா, கிடாதான்” என்றேன். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். திட்டவில்லை. ஒரு முந்திரிப் பருப்பை எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு மணி நேரம் தாண்டியதும் அது மறுபடி எழுந்தது. பத்து அடி நடந்தது. நின்றது. பின்னங்கால்களை மடக்கி, இடுப்பைத் தாழ்த்திக் குந்தியது.

மலையில் கிடைக்கிற சாட்சிகளில் இது பெரிய சாட்சி. கிடா சிறுநீர் கழிக்கும்போது நின்றபடியே உடம்பை முன்னால் நீட்டும், பெட்டை குந்தும். வால் தூக்கியபோது அதன் கீழே கறுப்புத் திட்டும் ஸ்கோப்பில் தெரிந்தது. பெட்டைக்கு மட்டும் உள்ள அடையாளம். பிறகு எங்களை நோக்கி நேராகத் தலையைத் திருப்பியது. இப்போது பார்க்கிறேன்: மெலிந்த அடி, நடுவே அகலமான வெள்ளை இடைவெளி, நுனியில் கொக்கி. நாள் 3-இல் நோட்டில் எழுதியது அத்தனையும் அப்படியே இருந்தது.

கொம்பு மாறவில்லை. காலையிலேயே கிடா என்று முடிவு செய்துவிட்டு, நாள் முழுக்க அதற்கு ஆதாரம் சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வயதான பெட்டையாக இருக்கலாம் என்றார் அண்ணன். இந்த வருடம் குட்டி இல்லை, அல்லது குட்டி தவறிப்போயிருக்கும். சில சமயம் இப்படித் தனியாகத் திரியும். மஞ்சள் கறை ஈரமண்ணில் படுத்தால் யாருக்கும் ஒட்டும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அது அவசரமே இல்லாமல் சுவர் போன்ற பாறையில் நடந்து மறைந்தது. குளம்பின் அடியில் ரப்பர் மாதிரி மெத்தை உண்டு, பாறையைக் கவ்விக்கொள்ளும். எங்களுக்கு அந்த வசதி இல்லை. தலைவிளக்கு வெளிச்சத்தில் கூடாரம் வந்து சேர மணி பத்தரை.

நாள் 6: கிடா

விவரமாக எழுதத் தெம்பில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காலை ஒன்பது மணிக்கு வடக்குச் சரிவில் இரண்டு ஆடுகள். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு இருந்ததில் ஒரு லாபம்; ஒன்றோடு ஒன்றை ஒப்பிடலாம். ஒன்று இளசு. மற்றது முன்பக்கம் எருமை மாதிரி கனத்து, திமிலுக்கு ரோமம் நிமிர்ந்து, தலை நீண்டு அகன்றிருந்தது. 240 கெஜத்தில் கிடந்து பார்த்தபோது அது எங்களுக்கு நேர் எதிரே நின்றது. நெற்றியில் இரண்டு கறுப்புத் தூண். நடுவே இன்னொரு கொம்பு நட இடமில்லை.

“என்ன சொல்ற?” என்றார் அண்ணன்.

“நீட்டுதா, குந்துதான்னு பார்த்துட்டுச் சொல்றேன்.”

சிரித்தார். அரை மணி நேரத்தில் அது நின்றபடியே முன்னால் நீட்டியது.

அதற்கப்புறமும் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அது நின்ற இடத்துக்குக் கீழே நானூறு அடி சுவர். அங்கே சுட்டால் உருண்டு போய் கறி சிதைந்துவிடும், எங்களால் இறங்கவும் முடியாது. அது மேய்ந்துகொண்டே புல் சரிவுக்கு வந்த பிறகுதான் அண்ணன் துப்பாக்கியை எடுத்தார். இரண்டு குண்டு. பத்தடி சரிந்து ஒரு பாறையில் முட்டி நின்றது. இளங்கிடா கொஞ்ச தூரம் ஓடி, திரும்பிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

கிட்டப் போனதும் அண்ணன் முதலில் தொட்டது கொம்பின் அடியைத்தான். பெருவிரலையும் நடுவிரலையும் சேர்த்துப் பார்த்தார், சேரவில்லை. பின்னங்காலைத் தூக்கிப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். ஆறு வருடக் குலுக்கலுக்குப் பிறகு, நூறு கிலோவுக்கு மேல் இருக்கும் ஒரு கிடாவின் முன்னால் ஒரு மனிதர் கால் இடுக்கைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதைப் போட்டோ எடுத்திருக்க வேண்டும். விட்டுவிட்டேன்.

அனுமதிச் சீட்டில் மாதத்தையும் தேதியையும் கத்தியால் வெட்டி எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை. கொம்புக்குப் பின்னால் அந்தச் சுரப்பியைத் தொட்டு முகர்ந்தேன். தாத்தா வீட்டுத் தொழுவத்தில் பொலிகிடா கட்டிய மூலையின் வாடை, இன்னும் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கோடு. தோலுரிப்பதில் எனக்குக் கை பழகியிருந்தது அண்ணனுக்கு ஆச்சரியம். தீபாவளிக்குத் தீபாவளி பங்கு போட்ட குடும்பம்ணா, என்றேன்.

நாள் 7: இறக்கம்

கறியை மலையில் விட்டு வந்தால் இங்கே பெரிய குற்றம். தொடை, சப்பை, முதுகுக்கறி, கழுத்து, விலாக்கறி, நெஞ்சு எல்லாம் கீழே வர வேண்டும். கொம்பு கடைசிக் கறியோடுதான் இறங்கலாம். தலையை முதலில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்களுக்காகப் போட்ட விதி. இரண்டு நடை. என் முதுகில் முப்பது கிலோ இருக்கும். கரடிக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகப் பேசிக்கொண்டே இறங்கினோம். பேச்சு தீர்ந்த பிறகு வாய்ப்பாடு சொன்னோம். பதினாறாம் வாய்ப்பாடு அண்ணனுக்கு மறந்துவிட்டது. டெவில்ஸ் கிளப்பை மறுபடி பிடித்தேன்.

நாள் 8: ஆங்கரேஜ்

கொம்பை வனவிலங்குத் துறை அலுவலகத்தில் காட்ட வேண்டும். உயிரியலாளர் ஒரு பெண்மணி, முப்பது வயது இருக்கும். கொம்பை வாங்கியதும் நாடாவை அடியில் சுற்றினார்: ஐந்தேகால் அங்குலம். நீளம் ஒன்பது. அப்புறம் நகத்தால் கொம்பின் மேல் கோடுகளை நெருடிக்கொண்டே எண்ணினார். குளிர்காலத்தில் வளர்ச்சி நின்று போவதால் வருடத்துக்கு ஒரு வளையம் விழும். முதல் குளிர்காலத்தில் தெளிவாக விழாது. அதனால் எண்ணிக்கையோடு ஒன்று கூட்ட வேண்டும். ஆறு வளையம். ஏழு வயது. பல் பார்க்காமல் வயது சொன்ன முதல் ஆளைப் பார்த்தேன். தாத்தா ஒப்புக்கொண்டிருப்பாரா என்று தெரியவில்லை.

வேறு என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். குட்டி மந்தை ஒன்று, பதினொரு உருப்படி என்றார் அண்ணன். அப்புறம் தனியாக ஒரு பெட்டை.

“தனியாகவா? பெட்டை என்று எப்படித் தெரிந்தது?”

அண்ணன் என்னைக் கை காட்டினார். குந்தியது என்றேன். தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.

மாலையில் அண்ணி விலாக்கறியை மிளகு போட்டு குக்கரில் வைத்தார். ஏழு வயதுக் கிடா. எட்டாவது விசிலுக்குத் திறந்து குத்திப் பார்த்துவிட்டு மறுபடி மூடினார். அந்த இடைவெளியில் அண்ணன் லேப்டாப்பைத் திருப்பி வைத்தார். இந்த முறை ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டேன். பத்துக்கு ஒன்பது. தப்பானது ஓர் இளங்கிடா. கொம்பு மெலிந்திருந்ததால் பெட்டை என்று சொல்லிவிட்டேன்.

“பரவால்ல தம்பி” என்றார் அண்ணன். “அந்தப் பக்கம் தப்பினா ஆடு பொழைச்சுப் போயிடும்.”

பன்னிரண்டாவது விசிலில் கறி வெந்தது.